பனிக்காலச் சுற்றம்

ஒரே விளையாட்டின்மீது கொண்ட பற்று, நாடும் மொழியும் வேறான மனிதரை ஒருவருக்கொருவர் சுற்றமாக்கிவிடுமா என்னும் கேள்வி, நட்பையும் விருந்தோம்பலையும் பற்றி ஒழுக்கவியலில் நெடுங்காலமாக நடந்துவரும் விசாரணையைச் சார்ந்தது. ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைதோ தீவில், 1,898 மீட்டர் உயரமுள்ள யோதெய் எரிமலையை எதிர்நோக்கியிருக்கும் நிசெகோ மலைப்பகுதியும் அதையொட்டிய குட்சான் நகரமும் இக்கேள்விக்குப் பொருத்தமான களங்கள். சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துவந்து இம்மலைகளில் மாவுபோன்ற உலர்பனியாகக் கொட்டுவதால், இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு சரிவில் இறங்கும் ஸ்னோபோர்டு விளையாட்டினர் பல நாடுகளிலிருந்தும் இங்கு வந்து கூடுகின்றனர். பயணச் செலவுக்காக இளைஞர்கள் வேலை செய்துகொள்ள இடமளிக்கும் விசா முறை ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 1980 முதல் நடப்பில் இருப்பதால், விடுதிச் சமையற்கூடத்திலோ இழுவைக் கம்பி நிலையத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, ஒரே வீட்டில் பலராகத் தங்கி, ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது பலருக்கு இயல்கிறது.

அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, ஒருவர் பண்பை மற்றவர் விரும்புவது என மூவகையாகப் பிரித்து, முன்னிரண்டும் அவற்றின் காரணம் நீங்கியதும் நீங்கிவிடும் என்றார். இவ்வளவில் நின்றால், பனிமலையில் கூடுவோரின் உறவை இன்ப நட்பு என்று வகைப்படுத்தி, பனி உருகும்போது அதுவும் உருகிவிடும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவரே, சேர்ந்து உப்புத் தின்னும்வரை ஒருவரையொருவர் அறிய முடியாது என்னும் பழமொழியையும் அங்கு எடுத்தாள்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் தமிழ் மரபுக்கு அது அந்நியமான கருத்தன்று. ஆயினும் அந்த மலையில் இவ்வுறவை ஆழமாக்குவது உணவைவிட ஆபத்தே என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

நிசெகோவில் காவலுக்குட்பட்ட சறுக்குதளத்தை விட்டு வெளிமலைக்குச் செல்வோர் குறிப்பிட்ட வாயில்களின் வழியாகவே செல்ல வேண்டும்; வாயில் மூடியிருக்கும்போது கயிற்றைத் தாண்டிச் செல்லக்கூடாது என்பது அவ்வூரின் விதி. வெளிமலையில், மலைமேல் படிந்த பனி அடுக்கோடு பெயர்ந்து விழும் பனிச்சரிவு ஓர் ஆளை நொடிப்பொழுதில் மூடிவிடக்கூடும். மூடப்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் கால் மணி நேரத்திற்குப் பிறகு விரைந்து குறைந்துவிடுவதால், தொலைவிலிருந்து மீட்புக் குழு வருமென்று காத்திருக்க முடியாது. உடன் வந்தவரே காப்பவர். அதனால் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்கின்றனர்: 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறியலை அனுப்பவும் பிறர் குறியலையைத் தேடவும் வல்ல பீக்கன் என்னும் சிறு கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் மடக்குக்கோல், மடித்து வைக்கத்தக்க மண்வாரி. இவற்றுள் மண்வாரி ஆழ்ந்து நோக்கத்தக்கது. புதையுண்டவர் தம் முதுகிலிருக்கும் மண்வாரியால் தம்மைத் தோண்டிக்கொள்ள முடியாது. அது அடுத்தவரின் உயிருக்காகவே சுமக்கப்படுகிறது, தம் உயிரோ அடுத்தவர் முதுகிலிருக்கும் மண்வாரியை நம்பியிருக்கிறது. புறப்படுமுன் ஒருவர் நின்றுகொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடக்க, ஒவ்வொருவர் கருவியும் குறியலை அனுப்புகிறதா என்று அவர் தம் கருவியால் சோதித்துப் பார்ப்பார். தன்னைப் பிறர் சோதிக்க ஒப்புக்கொடுக்கும் அச்சிறு சடங்கில், இன்ப நட்பு என்னும் வகைக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது.

ஒரு பருவத்துக்கு மட்டுமே கூடும் கூட்டம் உண்மையான சமூகமாகாது என்ற ஐயத்துக்குப் பௌத்த மரபில் விடை உண்டு. ஊர் ஊராகத் திரியும் பிக்குகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவதற்கு வஸ்ஸம், அதாவது மழைவாசம், என்று பெயர். அதன் முடிவில் பவாரணை என்னும் சடங்கு நிகழும். அதில் ஒவ்வொரு பிக்குவும் தம்மிடம் பிறர் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளை எடுத்துச் சொல்லுமாறு சங்கத்தை வேண்டிக்கொள்வார். பிரியப்போகிறவர்கள், பிரிவதற்கு முன் தம்மைத் திருத்தும் உரிமையை ஒருவருக்கொருவர் அளிக்கின்றனர் என்பதே இதில் போற்றத்தக்கது. தங்கும் காலம் குறைவு என்பது அங்கே பொறுப்பைக் குறைக்கவில்லை.

வாயிலருகே ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளும் ஸ்னோபோர்டு விளையாட்டினர், மலையடிவாரத்து ஊரின் சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார்களா என்பது இதைவிடக் கடினமான வினா. 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய காண்ட், பூமி உருண்டையாதலால் மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இயலாது, எனவே எவருக்கும் எந்நாட்டையும் சென்று காணும் உரிமை உண்டு, ஆனால் அங்கே தங்கும் உரிமை தனி உடன்பாட்டால் வருவது என்று வரையறுத்தார். காண வந்தவர்கள் கைப்பற்றியதைக் கடிந்துரைத்த அவர், அத்தகைய விருந்தினரைக் கட்டுப்படுத்திய சீனாவையும் ஜப்பானையும் அறிவுடையன என்றும் குறிப்பிட்டார். நிசெகோவில் விருந்தளிப்பவர் யார் என்பதும் எளிதில் தெளிவதன்று. அப்பெயரே அத்தீவின் தொல்குடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. 1869இல் தீவுக்கு ஹொக்கைதோ எனப் பெயரிட்டு ஜப்பானியர் பெருமளவில் குடியேறியபோது அம்மக்கள் வேட்டைக் காட்டையும் மீன்பிடி ஆற்றையும் இழந்தனர். அவர்களைத் தொல்குடியென்று ஏற்றுரைக்கும் சட்டம் 2019இல்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் குட்சான் நகரம் விடுதிக் கட்டணத்தில் 2 விழுக்காட்டை வரியாக வாங்கத் தொடங்கியது. வரி விருந்தினரின் கடனைத் தீர்க்கலாம். வந்து குடியிருப்பவரின் கடன் அவ்வாறு தீராது, ஏனெனில் வெளியாரின் வரவால் ஏறிய நிலவிலையின் சுமையை அங்கேயே பிறந்து உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பங்களும் சுமக்கின்றன.

ஏப்ரலில் சாலையோரப் பனிக்குவியல்கள் கரையும்போது, குளிர்காலம் முழுவதும் புதைந்துகிடந்த புட்டிகளும் உறைகளும் வெளிப்படும். அதற்குள் பலகையைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டவர்கள் அதைக் காண்பதில்லை. தங்கிவிட்ட சிலர், மொழி அரைகுறையாகவே தெரிந்தபோதிலும், கையுறை அணிந்து அண்டைவீட்டு முதியவர்களோடு சேர்ந்து குனிந்து பொறுக்கும்போது, எந்தப் பையில் எதைப் போட வேண்டும் என்று அம்முதியவர்கள் அவர்களைத் திருத்துகின்றனர்.