விழாக் கூட்டமும் படம்பிடிப்பவர் கடனும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் 25 நாள்கள் நடைபெறுவது. 24ஆம் நாள் தேர்த் திருவிழா. அன்று வெளிவீதி மணலில் ஆடவர் உருண்டு பிரதட்டை செய்வர். மகளிர் அடியழித்து வருவர். முதுகிற் செடில் ஏற்றியோர் தூக்குக்காவடிகளில் தொங்கியவாறு வந்து சேர்வர். கோயிலினுள்ளே படம்பிடித்தல் விலக்கப்பட்டிருக்கின்றது. மதிலுக்கு வெளியிலோ கமராக்களும் கைத்தொலைபேசிகளும் தலைகளுக்கு மேலாக உயர்ந்து நிற்கின்றன. உள்ளே வழிபாட்டிற்கு ஊறு எனக் கருதப்படுவது வெளியே வந்ததும் எவருக்கும் உரிய செயலாகிவிடுமா? படம்பிடிப்பவர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவராயின் இவ்வினா மேலும் கடினமாகின்றது.

பொது வீதியில் நிகழ்வதை எவரும் காணலாம், காணத்தக்கதைப் படம்பிடித்தலும் தவறாகாது என்பதே வழக்கமான விடை. இவ்விடை காண்டலையும் கவர்ந்து வைத்தலையும் ஒன்றெனக் கொள்கின்றது. மணலில் உருள்பவர் நோய் நீங்கியமைக்கோ மகனின் விடுதலை வேண்டியோ நேர்ந்த கடனைத் தீர்க்கின்றார். மேலாடையின்றி, புழுதி படிந்த உடலுடன் ஊரார் முன் கிடக்க அவர் நாணுவதில்லை. காண்பவரும் அதே புழுதியில் வெறுங்காலுடன் நிற்பவர். அடுத்த ஆண்டு தாமே உருளக்கூடியவர். அங்கே பார்வை கொடுத்தும் பெற்றும் நிகழ்வது. கமராவின் பின்னாலுள்ள கண் மட்டும் பார்க்கப்படாது பார்க்கின்றது. வீதி வெறிச்சோடிய பின்னரும் பார்த்துக்கொண்டிருக்கின்றது. படம்பிடித்தல் என்பது பிடிக்கப்படும் பொருளைக் கைவசப்படுத்தலே என்று சூசன் சொன்ராக் 1977இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். அக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் தேர்முட்டியடியில் நின்று நோக்குவார்க்கு அதனை எளிதில் மறுத்தலும் இயலாது.

எமது ஊர், எமது திருவிழா என்று ஊரவர் உரிமை பேசுதல் உண்டு. வெளியூரார் விந்தையைத் தேடுகின்றனர், ஊரவரோ ஆவணப்படுத்துகின்றனர் என்பது அவ்வாதம். இதிற் பாதியே உண்மை. அயலவருக்கு அடியழிக்கும் பெண் ஒரு காட்சி. ஊரவருக்கு அவர் இன்னார் மனைவி, இன்ன துயரம் உடையவர். அறிந்தும் எடுத்த படம் அறியாது எடுத்ததிலும் பாரமானது.

அவ்வாறாயின் படம்பிடியாது விடுதலே அறமாகுமோ? யாழ்ப்பாணம் இவ்விடையை ஏற்கும் நிலையிலில்லை. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது கையில் எடுக்க முடிந்ததுடன் மக்கள் வெளியேறினர். குடும்ப அல்பங்கள் பல வீடுகளிலேயே கிடந்து மறைந்தன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தை ஆரம்பித்தனர். அத்தகைய போராட்டங்களில் தாய்மார் ஏந்தி நிற்பவை படங்களே. அடையாள அட்டைக்கென எடுத்த முகங்களுடன், ஏதோவொரு விழாவின் குழுப்படத்திலிருந்து பிரித்துப் பெரிதாக்கப்பட்ட முகங்களும் அவற்றிடையே உண்டு. அவ்விழாவில் ஒருவர் தயங்கிக் கமராவைத் தாழ்த்தியிருப்பின் அத்தாயிடம் முகமும் எஞ்சியிராது.

இதற்கு மாறானதையும் அதே வரலாறே கூறுகின்றது. சுற்றிவளைப்புக் காலத்திலே முகத்தை மறைத்து அமர்ந்திருந்த தலையாட்டி, வரிசையில் வந்தோருட் சிலரைத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்தான். கூட்டமொன்றிற் கலந்துகொண்டோரைத் தெளிவாகக் காட்டும் படம் அத்தொழிலை ஓசையின்றிச் செய்யவல்லது. ஒரே படம் தாய்க்கு எஞ்சிய முகமாகலாம். மகனைத் தேடித் திரிவோர்க்குச் சான்றுமாகலாம். எது நிகழும் என்பதை எடுத்தவரும் அறியார், எடுக்கப்பட்டவரும் அறியார். ஆதலின் அக்கணத்திற் பெற்ற சம்மதம், அது வாய்ச்சொல்லாயினும் புன்னகையாயினும், வினாவை முடித்துவிடுவதில்லை.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாத மாதரி தீயிற் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதை தருகின்றது. அடைக்கலப் பொருள் பெற்றவருக்குச் சொந்தமன்று. அவருக்குரியது காக்கும் கடன் மட்டுமே. விழாக் கூட்டத்திற் பிடித்த முகத்தையும் இங்ஙனம் கொள்வதே பொருத்தம். அப்பொழுது கடன் படம்பிடித்த பின்னரே தொடங்குகின்றது: எதை வெளியிடுவது, எதை ஆண்டுகள் கழியும்வரை பெட்டியில் வைத்திருப்பது, கேட்டு வருபவருக்கு எதைக் கொடுப்பது. சிறுவயதிற் காவடி எடுத்த பெண் வளர்ந்தபின் அப்படத்தை இனிக் காட்டவேண்டாம் எனின், பரிசு பெற்ற படமாயினும் அது சுவரிலிருந்து இறங்குதல் வேண்டும். மகனின் படத்தைக் கமராவை நோக்கி உயர்த்தும் தாயின் நிலை வேறு. அவர் காணப்படவே வந்தவர். அவர் பின்னால் நிற்கும் இளைஞனும் அவ்வாறே வந்தான் என்பதற்கு உறுதியில்லை.

எடுத்தவரின் காலத்துக்குப் பின் இக்கடன் எவரைச் சாரும் என்பது எளிதன்று. பழைய நிழற்பட நிலையமொன்றின் உரிமையாளர் இறந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் பிள்ளைகளிடம் வருகின்றன. அவர் அறிந்திருந்த முகங்களை அவர்கள் அறியார். புலம்பெயர்ந்தோர் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து தந்தையின் முகத்தைக் கேட்பின் தேடித் தர வகையில்லை. எறிந்துவிடவும் மனம் வராது. அவற்றை நூலகமோ பல்கலைக்கழகமோ பொறுப்பேற்குமாயின், எவ்வாறு பாதுகாப்பது என்பதற்கு முன்னரே, அம்முகங்களை எவர் பார்க்கலாம், எவர் பார்க்கலாகாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.