வருணனையும் வாய்மையும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகும் மாணவரின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வகையிலேயே தொடங்கும். வாவி வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் மின்னும். முழுநிலவில் மீன்கள் இன்னிசை பாடும். அவ்விசையைத் தம் செவியாற் கேட்டவர் அவருள் எத்துணைப் பேர் என வினவுவார் இலர். வருணனை அழகாயின் அதுவே போதும் என்பது பொதுக்கருத்து. ஆயின், காணாததைக் கண்டதுபோல் எழுதுதல் அறத்தின்பாற் படுமா?

இவ்வினாவிற்கு அவ்வாவியே விடை தருகின்றது. பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்பிற்கு வந்தபோது அவ்வோசையைப் பற்றிக் கேள்வியுற்றார். கேட்டதை அவ்வாறே எழுதிவிடாது, இரவில் தோணியேறிச் சென்று, அதன் மரத்தில் செவியை வைத்துக் கேட்டார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு அதனை ஒப்பிட்டார். ஓரிடத்தில் கேட்ட ஒலி வேறோரிடத்தில் கேளாது போனதையும், அது ஊரியின் ஒலியென மீனவர் கூறியதையும் மறைக்காது பதிவுசெய்தார். 1859இல் வெளிவந்த அவருடைய நூலைப் படிப்போர் இன்றும் அத்தோணியில் உடனிருப்பதாக உணர்வர். நுணுக்கமான விவரம் எழுத்திற்கு அணியாவதோடு சான்றும் ஆகின்றது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

அங்ஙனமாயின் கற்பனைக்கு இடமில்லையா என்று கேட்கலாம். இடமுண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் அவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கற்பித்துப் பாடினார். வாவியினுள் நீரரமகளிர் வாழ்வதாக அதனைப் படிப்போர் எவரும் மயங்கார். கற்பனை தன்னைக் கற்பனையென்றே காட்டி நிற்பதால் அங்கு வஞ்சம் இல்லை. கண்டதாகக் கூறும் கட்டுரையில் காணாததை நுழைப்பதோ படிப்போரின் நம்பிக்கையைத் திருடுவதாகும். பொருளணிகளை வகுத்த தண்டியலங்காரமும், ஒரு பொருளை அதன் இயல்பு தோன்ற உரைக்கும் தன்மையணியையே முதற்கண் வைத்துள்ளது.

வாவியின் அழகைப் பற்றிய பொய் எவரையும் பெரிதும் வருத்தாது. துன்பத்தை வருணிக்கும்போதே இவ்வினா கூர்மை அடைகின்றது. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரியடித்தது. இவற்றைப் பற்றி எழுதும் மாணவன் பிணக்குவியல், இரத்தக் கண்ணீர், விண்ணதிரும் ஓலம் என்று இரவற் சொற்களை அடுக்கிப் புள்ளி பெறலாம். அன்று தாயை இழந்தவள் ஒருத்தி அதே வகுப்பில் அமர்ந்திருந்து அக்கட்டுரையைக் கேட்பாளாயின், அதில் தன் துயரைக் காண்பாளா? தன் வீட்டு வாசலில் நின்ற தென்னை முறிந்த ஓசையையோ, நீர் வடிந்தபின் சேற்றிற் கிடந்த ஒற்றைச் செருப்பையோ அவள் மறந்திராள். கட்டுரையில் அவை இரா.

இங்கு மற்றொரு வரம்பும் உண்டு. உண்மையாகக் கண்டவை அனைத்தையும் எழுதிவிடுதலும் அறமாகாது. இறந்தவரின் உடற்கோலத்தை உள்ளவாறே விவரித்தல் மெய்யாயினும், எஞ்சியோரின் மானத்தைக் கெடுத்தல் கூடும். ஆகவே எழுதுவோன் தன்னை இருமுறை வினவுதல் வேண்டும்: இதனைக் கண்டேனா, அன்றிக் கண்டவர் வாய்க் கேட்டேனா? இவ்விவரம் துன்புற்றவரைப் பிறர் அறிந்துகொள்ள உதவுமா, என் திறமையைக் காட்ட மட்டும் உதவுமா?

இதில் ஆசிரியருக்கும் பங்குண்டு. அலங்காரத்திற்குப் புள்ளியிட்டு, எளிய மெய்க்கூற்றை வறட்சியென ஒதுக்குவாராயின், பொய்யைப் பயிற்றுவிப்பவர் அவரே ஆவர். வாவியின் ஓசையைத் தான் கேட்டதில்லை என்று நேர்மையுடன் எழுதி, கரையில் வீச்சுவலை உலர்த்தும் முதியவரிடம் கேட்டறிந்ததைக் கூறும் மாணவனின் எழுத்தே மெய்யான வருணனையின் தொடக்கமாகும்.