கட்டியவன் கடன்: லாயத் தூய்மையும் இல்லறத்தாரின் அஹிம்சையும்

லாயத்தில் கட்டி வளர்க்கப்படும் குதிரையின் இருப்பிடத்தை எத்தனை காலத்திற்கு ஒருமுறை துப்புரவு செய்தல் வேண்டும்? இது கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தெளிய வேண்டிய வினா; அறம் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று வாசக அன்பர்கள் கருதக் கூடும். ஊன்றி நோக்கினால், அஹிம்சையை வாழ்நெறியாகக் கொண்ட இல்லறத்தார்க்கு இவ்வினா இரு பக்கமும் முள்ளுடையதாய் நிற்பது விளங்கும். துப்புரவு செய்யாவிடில் கட்டுண்ட குதிரை துன்புறுகிறது. துப்புரவு செய்தாலோ, இலத்தியிலும் ஈர வைக்கோலிலும் குடியேறிய எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. ஐம்பொறியும் மனமும் உடைய ஓருயிரைக் காக்கச் சிற்றுயிர் பலவற்றை மாய்ப்பதா? சிற்றுயிர்களுக்கு இரங்கி, நம்மை நம்பி நிற்கும் பேருயிரை வருந்த விடுவதா?

நம்மவருள் குதிரை வைத்திருப்போர் இன்று அரியர். ஆயினும் உழவைத் தொழிலாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டுத் தொழுவம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளது. குதிரை லாயத்தைக் குறித்து இங்குக் கூறுவன பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். அடைபட்ட வாழ்வின் துன்பம் குதிரையிடம் விரைவில் வெளிப்படுவதால் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அழுக்கை ஆக்கியவர் யார்?

திறந்த புல்வெளியில் திரியும் குதிரைக்குத் துப்புரவு செய்வோர் எவரும் தேவையில்லை. அது மேயும் இடம் வேறு, இலத்தியிடும் இடம் வேறு. ஒரே மேய்ச்சல் நிலத்தில் நெடுநாள் விடப்பட்ட குதிரைகள், ஒரு பகுதியைக் கழிப்பிடமாக ஒதுக்கிக் கொண்டு, அங்கே புல் எவ்வளவு செழித்து வளர்ந்தாலும் அதில் வாய்வைக்கத் தயங்குவதை வளர்ப்போர் அறிவர். அங்கு விழும் இலத்தியை வெயிலும் காற்றும் மழையும் வண்டுகளும் சேர்ந்து மண்ணுக்கு உரமாக்கி விடுகின்றன. அந்நிலையில் இலத்தி என்பது அழுக்கே அன்று.

அதே குதிரையை நாம் 12 அடிச் சதுர அறையில் அடைக்கிறோம். அல்லது முளையில் கட்டி நிறுத்துகிறோம். நன்கு வளர்ந்த குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 முறை இலத்தியிடும். அதன் எடை 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். சிறுநீரும் ஏறத்தாழ 8 லிட்டர் சேரும். மட்டக்குதிரைக்கு இவ்வளவு சற்றுக் குறையலாம், அவ்வளவே வேறுபாடு. இவ்வளவும் அது நிற்கும் இடத்திலேயே, உண்ணும் இடத்திலேயே, படுக்கும் இடத்திலேயே விழுகின்றன. விலகிச் செல்லும் உரிமையைக் கயிறும் கதவும் பறித்துக் கொண்டன. ஆகவே லாயத்தின் அழுக்கு குதிரை ஆக்கியதன்று, கட்டியவன் ஆக்கியது. அதனை அகற்றுவதும் அவன் கடனே ஆகும். இவ்வுண்மையை ஒப்புக்கொண்டால், லாயத் துப்புரவு குதிரைக்கு நாம் காட்டும் தயவு என்ற எண்ணம் நீங்கிவிடும்.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், அஹிம்சை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்து கூறப்பெற்றுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவ்வைந்தும் கால்நடை வைத்து வாழும் இல்லறத்தாரை முன்னிறுத்திக் கூறியவை போலவே தோன்றும். அவற்றுள் கட்டுதல் முதலில் வைக்கப்பட்டிருப்பது நம் சிந்தனைக்கு உரியது. கட்டுவதாயின் நெருப்புப் பற்றிய காலத்தில் எளிதில் அவிழ்க்கத்தக்கதாகக் கட்ட வேண்டும் என்று சாவக ஒழுக்கத்தை விளக்கிய ஆசிரியர்கள் அறிவுறுத்தியுள்ளனர். கட்டுவதோடு கட்டியவனின் பொறுப்பு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதே இதன் கருத்து. நெருப்பு என்றோ ஒரு நாள் வரும் இடர். ஈரமும் நாற்றமும் நாள்தோறும் வரும் இடர்.

கட்டுண்ட உயிர் படும் பாடு

சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா என்னும் காரநெடி வாயு எழுகிறது. குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் விலங்கு. நாய்போல் வாய்வழி மூச்சு வாங்க அதனால் இயலாது. தீனியைத் தரையில் இட்டால் தலையைத் தாழ்த்தி, அந்நெடி மிகுந்த இடத்திலேயே நெடுநேரம் மூச்சு விடுகிறது. கண்ணும் மூச்சுக்குழாயும் எரிச்சலுற்று, நாளடைவில் இருமல் பற்றுகிறது. குளம்பின் அடியில் மென்மையான முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. ஓயாத ஈரத்தில் நின்றால் அது கறுத்து, அழுகி, நாற்றமெடுக்கும். மேலும், குதிரை நின்றபடியே உறங்கும் என்று சொல்வது பாதி உண்மையே. நின்றவாறு கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதி படுத்தால்தான் வாய்க்கும். நனைந்த தரையில் படுக்க அது விரும்பாது. ஈரத்தில் நிறுத்துவது, அதன் உறக்கத்தைத் தடுப்பதாகவே முடிகிறது. உணவையும் நீரையும் தடுத்தல் குற்றமெனின், உறக்கத்தைத் தடுத்தல் எவ்வாறு குற்றமாகாது?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நாள்தோறும் லாயத்தில் புழங்குவோர் மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடுகிறது. 'எனக்கு நாற்றம் தெரியவில்லையே' என்று அவர் கூறுவது பொய்யன்று. ஆயினும் அது சான்றாகாது. குதிரை தலை தாழ்த்தும் உயரத்திற்குக் குனிந்து, அங்கே சிறிது நேரம் மூச்சு வாங்கிப் பார்த்தல் வேண்டும். கண் கரித்தால், துப்புரவுக்குரிய நேரம் முன்னமே கடந்துவிட்டது என்று அறியலாம். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்போர் அதன் நலத்திற்கு ஆவன செய்தலையும், தேவையற்ற துன்பம் நேராமல் காத்தலையும் கடமையாக விதித்துள்ளது.

சிற்றுயிர்களின் வழக்கு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சிற்றுயிர்கள்தாமே என்று அவற்றைத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. 1834இல் தோன்றிய பம்பாய்ப் பாஞ்சராபோல் போன்ற காப்பகங்கள் முதுமையுற்ற குதிரைக்கும் மாட்டுக்கும் புகலளித்தன. குஜராத்துப் பாஞ்சராபோல்கள் சிலவற்றில் தானியத்துப் பூச்சி புழுக்களுக்கென்றே தனியறை வைத்திருந்தனர். அத்தகைய மரபுடையோர், லாயத்துப் புழுக்களைக் கண்டு கை தயங்குவது இயல்பே. அத்தயக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் அதிலிருந்து எம்முடிவுக்கு வருகிறோம் என்பதில் விழிப்பு வேண்டும்.

ஈயின் வாழ்க்கையை நோக்குவோம். வெப்பமான நாளில் புதிய எருவை நாடி வரும் ஈ, ஒரு தடவைக்கே 100க்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். அவை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுவாகின்றன. புழு கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்து வெளிப்பட, நம் வெப்பநிலையில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே காலையில் விழுந்த இலத்தியைச் சிறிது நேரத்தில் அள்ளி, மூடிய எருக்குழியில் இட்டால், அதில் உயிர்கள் தோன்ற இடமே இராது, அல்லது மிகச் சிலவே தோன்றியிருக்கும். ஒரு நாள் கழித்து அள்ளினால் நூற்றுக்கணக்கில் புழுக்கள் இருக்கும். ஒரு வாரம் கழித்து அள்ளினால், மண்வெட்டியின் ஒவ்வொரு வீச்சும் ஒரு பெருங்கொலையாக முடியும். அதற்குள் ஈக்கள் லாயம் முழுதும் மொய்க்க, குதிரைக்காரர் பூச்சிமருந்தை நாடுவார். அறியாமல் நேரும் ஹிம்சை, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையாக அப்போது மாறிவிடுகிறது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. முதலில் நாம் கண்ட இரு முள்களும் உண்மையில் ஒரே செடியில் முளைத்தவை. அச்செடிக்குப் பெயர் காலத்தாழ்ச்சி. குதிரைக்குத் துன்பம் தருவதும் தாமதமே. சிற்றுயிர்களைத் தோன்றச் செய்து பின் மாய்ப்பதும் தாமதமே. உரிய காலத்தில் செய்யும் துப்புரவில் குதிரையின் நலமும் சிற்றுயிர்களின் நலமும் ஒருங்கே பேணப்படுகின்றன. உயிர்ச்சேதத்தை மட்டும் ஹிம்சை என்னாது, சோர்வும் கவனமின்மையும் ஆகிய பிரமாதத்தோடு சேர்த்தே தத்துவார்த்த சூத்திரம் அதற்கு இலக்கணம் வகுத்திருப்பதன் நுட்பம் இங்கே விளங்கும். முனிவர்களுக்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது, உடற்கழிவுகளை உயிர்களற்ற இடம் நோக்கி விலக்குவது. தம் உடலின் கழிவுக்கே அவர்கள் அத்துணை விழிப்புக் காட்டுவாராயின், தாம் கட்டிவைத்த உயிரின் கழிவில் இல்லறத்தார் ஓரளவேனும் விழிப்புக் காட்ட வேண்டாவோ?

கிரேக்கர்களின் பழங்கதை ஒன்று உண்டு. எலிஸ் நாட்டு மன்னன் ஆகியஸ் என்பவனின் தொழுவத்தில் 3000 மாடுகள் இருந்தன. 30 ஆண்டுகளாக அது துப்புரவு செய்யப்படவில்லை. ஹெராக்கிளிஸ் என்னும் வீரன் இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு அதனை ஒரே நாளில் கழுவித் தள்ளினான் என்பது கதை. உலகம் அவ்வீரனைப் புகழ்கிறது. அஹிம்சை நோக்கில் பார்த்தால், 30 ஆண்டுச் சோம்பலும் ஒரு நாள் வெள்ளமும் ஒரே குற்றத்தின் இரு முனைகள். அத்தொழுவத்தில் நாள்தோறும் ஒரு கூடை எருவை அள்ளியவன் இருந்திருந்தால், கதையும் இல்லை, வீரனும் இல்லை, அழிவும் இல்லை.

நோன்பு நாளில் துப்புரவு கூடுமா?

அட்டமி, சதுர்த்தசி முதலிய நோன்பு நாள்களில் மண்வெட்டி தொடாமல் இருப்பதே நன்று என்று சிலர் கருதுவர். உழுதல், தோண்டுதல் முதலிய தொழில்களை அந்நாள்களில் ஒதுக்குவது பொருத்தமே. நிலம் ஒரு நாள் காத்திருக்கும். கட்டுண்ட குதிரையோ காத்திருக்க இயலாது. நாம் உண்ணா நோன்பு இருப்பதால் அதற்குத் தீனி வைக்காமல் விடுகிறோமா? இல்லை. அவ்வாறே துப்புரவையும் விடலாகாது. அன்று விட்டால் மறுநாள் இரு மடங்கு உயிர்களுக்கு ஊறு நேரும். அதற்கு உடன்பட மனமில்லையெனில், அந்நாள்களில் குதிரையைக் கயிறவிழ்த்து வெளிநிலத்தில் விடலாம். அதற்கும் இடமில்லாதவர், குதிரை வைத்திருக்கத் தக்கவர்தாமா என்று தம்மையே கேட்டுக் கொள்ளட்டும்.

எவர் கையால்?

வசதியுடையோர் இல்லங்களில் இப்பணியைச் செய்பவர் குதிரைக்காரர் ஒருவர். கூலி கொடுத்துவிட்டதால் கடன் தீர்ந்தது என்று உரிமையாளர் எண்ணுதல் ஆகாது. வேலையைப் பிறர் கையில் ஒப்படைக்கலாம். வினையை ஒப்படைக்க முடியாது. நாலு குதிரைகளை ஒருவர் தலையில் கட்டி, விடியுமுன் முடிக்கச் சொன்னால், அவர் மேலோட்டமாகக் கூட்டிவிட்டு ஈரத்தின்மேல் புது வைக்கோலைப் பரப்புவார். குற்றம் அவருடையதன்று. போதிய நேரம், நல்ல கூடையும் முள்வாரியும், காலுக்கு உறுதியான காலணி, மதிப்பான கூலி ஆகியவற்றை அளிப்பதும் அஹிம்சையின் பாற்பட்டதே. வீட்டுப் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாளேனும் அவரோடு நின்று கூடை சுமக்கட்டும். கழிவை அள்ளும் கை இழிந்ததன்று என்பதை நூல்வழி கற்பதினும் அவ்வழி கற்பது எளிது.

அளவு யாது?

முடிவாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவோம். நாள் முழுதும் லாயத்திலேயே நிற்கும் குதிரைக்குக் காலையில் ஒருமுறை முழுத் துப்புரவு வேண்டும். அதாவது இலத்தியோடு நனைந்த வைக்கோல் அனைத்தையும் அகற்றுதல். அதன் பின் நண்பகலிலும் மாலையிலும் இலத்தியை மட்டுமேனும் அள்ளிவிட வேண்டும். வாரம் ஒருமுறை படுக்கை முழுவதையும் எடுத்துத் தரையைக் காயவிடுதல் நலம். பகலெல்லாம் வெளியில் திரியும் குதிரைக்கு நாளொரு முறை போதும். மழைக்காலத்தில் குறைக்கலாமென்று தோன்றும். ஈரமும் ஈயும் மிகுவது அப்போதுதான். எருவை லாயத்திற்கு அப்பால் மூடிய குழியில் இடுதல் வேண்டும். வைக்கோலை ஓங்கிக் குத்தாமல், மேலிருந்து மெல்லப் புரட்டி, தென்படும் உயிர்களை விலக்கிப் பின் அள்ளுதல் சிறப்பு.

இவ்வெண்ணிக்கைகளுக்கு அடிப்படையான விதி ஒன்றே: கயிறு எவ்வளவு குறுகியதோ, துப்புரவு அவ்வளவு அடிக்கடி நிகழ வேண்டும். இத்தனையும் செய்தாலும் ஹிம்சை முற்றிலும் நீங்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. இல்லறத்தார்க்கு அது இயலாததென்று அறிந்தே பெரியோர் அணுவிரதமாக வகுத்தனர். குறைக்க இயல்வதைக் குறையாமல் விடுவதே நமக்குப் பழியாகும். நாளை காலை தொழுவத்துக் கதவைத் திறக்கும் அன்பர்கள், உள்ளே நிற்கும் உயிர் எத்தனை நாழிகையாக அந்த ஈரத்தில் நிற்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்து, அதன் பின் கூடையை எடுப்பார்களாக.