தூரமும் துணிவும்

கருவிகள் பெருகப் பெருக மனிதனுக்கு வேலை குறைகிறது என்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு வேலை குறையும்போது மற்றொரு வேலை வந்து சேருகிறது. எதைக் கருவியிடம் விடுவது, எதை நம்மிடம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிற வேலைதான் அது.

இதை எண்ணிப் பார்ப்பதற்குக் கோல்ப் ஆட்டம் நல்ல இடம். நான் அதை ஆடுகிறவன் அல்லன்; பார்த்து மகிழ்கிறவன். ஆடுகிற நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தூரம் பார்க்கச் செல்போனில் உள்ள ஜி.பி.எஸ். செயலி போதுமா, லேசர் கருவி வாங்கட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சார்?” விலையைப் பற்றிய கேள்விபோல் இருந்தது. யோசிக்க யோசிக்க, மனிதனைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தது.

லேசர் கருவியைக் கண்ணருகே வைத்துக் கொடிக்கம்பைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தவேண்டும். ஒளித்துடிப்பு ஒன்று கம்பைத் தொட்டுத் திரும்புகிறது. 150 கெஜம் போய்த் திரும்ப, ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. அந்த நேரத்தைக் கொண்டு, ஏறக்குறைய ஒரு கெஜம் முன்பின்னாகத் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. செல்போனின் வழி வேறு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் குறைந்தது நான்கின் செய்தியைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை அறிகிறது. பிறகு தன்னிடமுள்ள மைதானப் படத்தைப் பார்த்துத் தூரத்தைச் சொல்கிறது. திறந்த வெளியிலும் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகலாம்.

அப்படியானால் லேசர்தானே உயர்ந்தது? அவசரப்பட வேண்டாம். லேசர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அளக்கும். 1860-ஆம் ஆண்டு முதல் ஓப்பன் போட்டி நடந்த ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில், ‘ஆல்ப்ஸ்’ என்ற பெயருடைய குழி ஒன்று உண்டு. பந்து போய்ச்சேர வேண்டிய புல்தரையை ஒரு மேடு மறைத்து நிற்கிறது. அங்கே லேசர் மேட்டைத்தான் அளக்கும். கை சற்று நடுங்கினால், கொடியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் மரத்தின் தூரத்தைச் சொன்னாலும் சொல்லும். செல்போனோ மேட்டுக்கு அப்பால் இருப்பதையும், மறைந்திருக்கும் மணற்குழியையும் காட்டும். ஆனால் இன்று காலை குழியை எந்த மூலையில் வெட்டினார்கள் என்பது பழைய படத்துக்குத் தெரியாது.

ஆக, இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்வன அல்ல. “நான் விரும்புவது எவ்வளவு தொலைவில் இருக்கிறது?” என்பது லேசரின் கேள்வி. “நான் எங்கே நிற்கிறேன், என்னைச் சுற்றி என்ன இருக்கிறது?” என்பது செல்போனின் கேள்வி. குறியை மட்டுமே பார்த்து நடப்பவன் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுகிறான். படத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் குறியைச் சேர்வதில்லை. பழகிவருகிறவருக்குச் செல்போன் போதும். அவர் முதலில் தவிர்க்கவேண்டியவை பள்ளங்கள். நினைத்த தூரத்துக்குப் பந்தை அனுப்பும் கை வாய்த்தவருக்கு லேசரால் பயன் உண்டு. நண்பருக்கு இவ்வளவுதான் சொன்னேன்.

ஆனால் எந்த மட்டையை எடுப்பது என்பதை எந்தத் தூரமும் சொல்லிவிடாது. நம் கிராமங்களில் ‘கூப்பிடு தூரம்’, ‘கல்லெறி தூரம்’ என்பார்கள். அந்த அளவில் மனிதனின் குரலும் கையும் கலந்திருந்தன. 150 கெஜம் என்பது எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு அது எளிய வீச்சு, மற்றொருவருக்கு முழுப் பலம். தன் கையை அறியாதவனுக்கு எண்ணால் என்ன பயன்?

எண் வந்ததும் திறமை போயிற்று என்று வருந்துகிறவர்கள் உண்டு. 1961-இல் அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போதே, டீன் பெமன் சொன்ன யோசனையைக் கேட்டு ஜாக் நிக்லஸ் மைதானத்தைக் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். அதனால் அவர் ஆட்டம் சிறுத்துவிடவில்லை. 2021-இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியில் தூரம் அளக்கும் கருவிகளை அனுமதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே எண்தான் கிடைத்தது. வென்றவர் ஐம்பது வயது பில் மிக்கல்சன்.

2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இங்கே ஒரு கோடு கிழித்தன. தூரத்தை அளக்கலாம். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவியால் அளக்கக் கூடாது. இந்த மட்டையால் அடி, இந்தத் திசையில் அடி என்று கருவி சொல்லும் யோசனையைக் கேட்கக் கூடாது. தூரம் உண்மை என்றால் ஏற்றமும் உண்மைதானே என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் யோசனைக்குப் போட்ட தடையில் எனக்கு ஐயமே இல்லை. தான் துணியாத செயலுக்கு ஒருவன் எப்படிப் பொறுப்பேற்பான்? “கருவி சொன்னது, அடித்தேன்” என்பவன் தோல்வியை மட்டுமா கைகழுவுகிறான்? வெற்றியையும் அல்லவா இழந்துவிடுகிறான்!

ஏற்றம் அளக்கும் பொத்தான் பல லேசர் கருவிகளில் இருக்கிறது. போட்டியில் அதை அணைத்துவைக்க வேண்டும். அணைத்தானா என்று யார் பார்ப்பது? பெரும்பாலும் ஆடுகிறவனேதான். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பந்து சற்று அசைந்துவிட்டது என்று பாபி ஜோன்ஸ் தாமே முறையிட்டார். பிறர் எவரும் அதைப் பார்க்கவில்லை. தமக்குத் தாமே ஓர் அடி தண்டனை ஏற்றார். ஆட்டம் சமனில் முடிந்தது. பிறகு நடந்த ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் பட்டம் அவருடையது. எந்தத் துணைக்கோளும் அளந்து சொல்ல முடியாத ஒன்றை அவர் தமக்குள் அளந்துகொண்டார்.

எந்தக் கருவியை வாங்கினாலும் ஒரு பழக்கம் நல்லது. முதலில் வெறுங்கண்ணால் பார்த்து மனத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு கருவியைப் பார்க்கலாம். அப்போது கருவி ஆசிரியனாக இருக்கும். கருவியை முதலில் பார்த்துப் பழகியவனுக்கு அது எசமானனாகிவிடும். அளப்பதை அதற்கு விட்டுக்கொடுக்கலாம். துணிவதை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.