பழைய ட்ரெயிலரும் அதன் பாரமும்

அவுஸ்திரேலியாவில் வாழும் நம்மவர் பலரின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பழைய ட்ரெயிலர் நிற்பதைக் காணலாம். வீடு மாறவும், தோட்டத்துக்கு மண் ஏற்றவும், திருவிழாவுக்குக் கதிரைகளும் கிடாரங்களும் கொண்டுவரவும் அது உதவுகின்றது. "எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று கேட்டால், "இத்தனை வருஷம் தாங்கினது, இனியும் தாங்கும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இப்பதில் நேர்மையானதா என்று சற்றுச் சிந்திப்போம்.

கணக்குக் கடினமானதன்று. ட்ரெயிலரின் தகட்டில் அதன் உச்ச மொத்த எடை பொறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே ஏற்றக்கூடிய பாரம். பிரேக் இல்லாத ட்ரெயிலரின் சில்லுகள் மேல், வண்டியும் சரக்குமாக, 750 கிலோவுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது இந்நாட்டு விதி. ஆறடி நீளமும் நான்கடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பெட்டியை மணலால் நிரப்பினாலோ, மணல் மட்டுமே ஒரு தொன்னைத் தாண்டிவிடும். பெட்டியில் இடம் இருப்பதால் அச்சில் வலு இருப்பதாக ஆகாது.

தகடு துருவேறி அழிந்திருந்தால்? அச்சு, ஸ்பிரிங், டயர், காருடன் கொளுவும் பூட்டு என ஒவ்வொன்றின் தாங்குதிறனையும் பார்க்கவேண்டும். அவற்றுள் குறைந்தது எதுவோ அதுவே முழு வண்டிக்கும் எல்லை. வலியறிதல் பற்றிச் சொல்லவந்த வள்ளுவரும் வண்டி அச்சையே எடுத்துக்காட்டினார்.

இரும்பு தான் சுமந்ததை மறப்பதில்லை. மிகையாக ஏற்றும் ஒவ்வொரு பாரமும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைச் சிறிது சிறிதாக வளர்க்கக்கூடும். ஆகவே நேற்றுத் தாங்கியது என்பது இன்றைக்குச் சான்றாகாது.

"இரண்டு தடவை போய்வந்தால் நேரமும் பெற்றோலும் வீணாகுமே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அந்தச் செலவு நம்முடையது. அச்சு முறிந்தால் வரும் ஆபத்தோ பின்னால் வரும் காரில் இருப்பவருடையது. அவர் நம் கணக்கை அறியார். நமக்குச் சம்மதமும் தரவில்லை. நம் செலவைக் குறைக்க அவர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்?

"கோயில் காரியம், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதும் இதற்கு விடையாகாது. பார்க்கக் கண்ணும் கணக்கிட அறிவும் தந்த பின், அந்த வேலையை அவரிடமே திருப்பிக் கொடுப்பது பக்தியாகுமா?

அறியமுடிந்ததை அறியாமல் விடுவதும் ஒரு தீர்மானமே. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவோம். எடைமேடையில் நிறுத்துப் பார்ப்போம். இரண்டு கணக்கு வந்தால் குறைந்ததையே கொள்வோம். முகம் அறியாதவர்க்கு நாம் செய்யக்கூடிய தருமங்களுள் இதுவும் ஒன்று.