அறைக்குத் திரும்பிய தோமா

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரிடம் விவிலியம் படிக்க வருகிறான், பன்னீர் திராட்சை போட்டிருக்கும் ஓர் இளைஞன். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சீடன்: தாம் செடி, நாம் கொடிகள், அதனால் தம்மிடம் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். என் தோட்டத்துக் கொடிக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை சாமி. அது பாட்டுக்கு இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் கட்டளை?

குரு: கொடிக்குக் கால் கிடையாது, உனக்கு இருக்கிறது. எழுந்து போகக் கூடியவனிடம்தானே இரு என்று சொல்ல முடியும்? உவமை அந்த இடத்தில் பொருந்தாது. பொருந்தாமல் போவதும் நல்லதுதான்.

சீடன்: நான் எங்கேயும் போகவில்லை. விடியுமுன் எழுந்து செபிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி. ஆனாலும் கொஞ்ச காலமாக உள்ளே ஒன்றுமே இல்லை. கை செபமாலையை உருட்டுகிறது, மனசு மோட்டார் ரூமில் கிடக்கிறது.

குரு: கவாத்து வெட்டிய அன்று உன் பந்தல் எப்படி இருந்தது?

சீடன்: மொட்டையாக. வெளியூர்க்காரர் பார்த்தால் தோட்டமே செத்துவிட்டது என்பார்.

குரு: நீ பயந்தாயா?

சீடன்: எதற்குப் பயப்பட வேண்டும்? வெட்டுவாயில் தண்ணீர் சொட்டும். கொஞ்ச நாளில் மொட்டு வெடிக்கும். நாலு மாதத்தில் பழம் வெட்டலாம். வெட்டிக் கீழே போட்ட குச்சிதான் காயும்.

குரு: அன்றைய தினம் இரண்டும் பார்வைக்கு மொட்டைதான். கனி தருகிற கொடியையே தந்தை கழித்துவிடுவதாக அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. ஆகவே உள்ளே ஒன்றும் இல்லை என்பதை வைத்து, அறுந்துவிட்டோம் என்று முடிவு கட்டாதே. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்தவர் லாரன்ஸ் சகோதரர். அடுக்களைப் பாத்திரங்களுக்கு நடுவில் கடவுளோடு இருந்தவர் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். முதல் பத்து ஆண்டுகள் தாம் பட்ட பாட்டை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கிறவர்கள் குறைவு.

சீடன்: அப்படியென்றால் நான் இப்படியே இருந்துவிடலாம்.

குரு: இப்படியே என்றால்?

சீடன்: வீட்டோடு. பூசைக்கு நான் வருவதில்லை என்பது சாமிக்குத் தெரியும். திருவிழாக் கணக்கில் அவ்வளவு குளறுபடி. கேட்டதற்கு, ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தினார்கள். எனக்குக் கிறிஸ்துவோடுதான் உறவு. அவர்களோடு என்ன?

குரு: இந்த வார்த்தைகளை ஆண்டவர் எந்த இரவில் சொன்னார் என்று யோசி. கடைசி இரவுணவு. யூதாசு ஏற்கெனவே எழுந்து வெளியே போய்விட்டான். அது 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மிச்சமிருந்த பதினொருவரிடம்தான் ஒட்டியிருக்கச் சொன்னார். அவர்கள் எத்தனை மணி நேரம் ஒட்டியிருந்தார்கள்? தோட்டத்தில் காவலர் வந்ததும் ஓட்டம். சேவல் கூவுவதற்குள் பேதுரு மூன்று முறை மறுத்தாயிற்று.

சீடன்: பதினொருவரும் அறுந்த கொடிகள்தான் என்று ஆகிறதே.

குரு: ஆகவில்லையே! அவர்கள் விட்டாலும் அவர் விடவில்லை. அவர்கள் அவரைத் தேர்ந்துகொள்ளவில்லை, அவர்தான் அவர்களைத் தேர்ந்துகொண்டார் என்பதும் அதே பேச்சில் வருகிறது. யூதாசையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இருவரும் விழுந்தது ஒரே இரவில். யூதாசும் வருந்தினான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் போனது குருமாரிடம், பிறகு தன்னந்தனியாக. பேதுருவோ, ஞாயிறு காலையில் மகதலா மரியா ஓடி வந்தபோது கிடைக்கிற இடத்தில் இருந்தார்.

சீடன்: பேதுருவுக்கு அழுகையாவது வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை.

குரு: அப்படியென்றால் தோமாவைப் பார். உயிர்த்த ஆண்டவர் முதல் தடவை வந்தபோது அவர் அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று என்றார். அடுத்த எட்டு நாள் அந்த வீட்டை நினைத்துப் பார். சுற்றியிருப்பவர்கள் சந்தோஷத்தில் மிதக்கிறார்கள், நடுவில் இந்த ஒருவர் மட்டும் எதுவும் இல்லாமல். எட்டாம் நாள் எங்கே இருந்தார்?

சீடன்: அவர்களோடு உள்ளே இருந்தார்.

குரு: விசுவாசம் ஒரு குன்றிமணி அளவுகூட ஏறவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தார். சந்தேகத் தோமா என்று நாம் அவருக்கு வைத்த பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. சென்னையில் ஒரு மலையே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது, நாம் இன்னும் அந்த எட்டு நாளையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றும் உணராதவன் கிறிஸ்துவில் ஒட்டியிருப்பது எப்படி என்று கேட்டால், நான் அந்த எட்டு நாளைத்தான் காட்டுவேன்.

சீடன்: தோமாவை யாரும் அசிங்கப்படுத்தவில்லையே சாமி.

குரு: அது நியாயமான பேச்சு. நம்பாதவனை அவர்கள் வெளியே தள்ளவில்லை. நம் பங்குக்காரர்கள் படிக்க வேண்டிய பாடம் அது. உன்னை வாயை மூடிக்கொண்டு வா என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதும் ஒட்டியிருப்பதில் சேர்த்திதான். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபிப்பதைவிட அது கஷ்டமும்கூட. எசேக்கியேல் ஆகமத்திலும் 15ஆம் அதிகாரம் ஒன்று இருக்கிறது, படித்திருக்கிறாயா? திராட்சைக் கட்டையில் பாத்திரம் மாட்ட ஒரு முளைகூடச் செதுக்க முடியாது என்கிறார். பழத்தை விட்டால் அதற்கு வேறு உபயோகம் இல்லை. பழத்தையும் கொடியே தின்பதில்லை. உன் விடியற்காலைச் செபத்தில் இதுவரை யார் என்ன தின்றார்கள்?

சீடன்: யாரும் இல்லை. சரி, வருகிறேன். சமாதானம் கொடுக்கும் நேரத்தில் என்னை அசிங்கப்படுத்திய அந்த மனுஷர் பக்கத்தில் நின்றால்?

குரு: கை எழுந்தால் கும்பிடு. எழாவிட்டால் சும்மா நில். பொய்ச் சிரிப்பு மட்டும் வேண்டாம்.

சீடன்: கணக்கு?

குரு: மத்தேயு 18இல் ஆண்டவர் வரிசையே கொடுத்திருக்கிறார். முதலில் தனியே போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப்போ. அதன் பிறகுதான் சபை. நீ எடுத்த எடுப்பில் மைக்கைப் பிடித்துவிட்டாய்.

சீடன்: அவர் வீட்டு வாசலில் நாய் இருக்கிறது சாமி.

குரு: என்னையும் துரத்தியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கட்டிப்போட்டுவிடுவார், அப்போது போ.