விழுந்தவன் தாங்கலுக்கு வரலாமா?



எங்கள் தாங்கலுக்கு வரும் ஒரு தம்பி பள்ளியறை முன் நின்று, நாமம் தரித்து, எல்லோரும் பார்க்க வாக்குக் கொடுத்துக் குடியை விட்டவர். நான்கு மாதம் ஒழுங்காக இருந்தார். சொந்தக்காரர் கல்யாண வீட்டில், முந்திய இரவு ஒரு கிளாஸ் குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு உச்சிப்படிப்புக்கு வரவில்லை. பிறகு மூன்று வாரம் விடாமல் குடி. தேடிப் போனபோது, “அண்ணாச்சி, அய்யாவுக்குக் குடுத்த வாக்கையே உடைச்சிட்டேன். இனி எந்த முகத்தோட அங்க வர?” என்றார்.

அந்த ஒரு கிளாஸ் அவர் செய்த தவறு. பின்வந்த மூன்று வாரம் யார் செய்த தவறு? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. “குடிச்சவன் நாமம் இடக் கூடாது, தாங்கல் படி மிதிக்கக் கூடாது” என்று அவர் காதுபடப் பேசியவர்களில் நானும் ஒருவன். வேறு யாரைப் பற்றியோதான் பேசினோம். மனதில் வைத்துக்கொண்டவர் இவர்.

குடிக்கு அடிமையானவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், 1985இல் வெளிவந்த நூலில், ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்புவது வேறு என்று பிரித்துக் காட்டினார். சறுக்கியவனை முழுக்க இழுத்துப் போவதில், ‘எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்’ என்ற குற்ற உணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்றார். கலி சாராயக் கடைக்குள் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். ‘இனி உனக்கு அங்கே இடமில்லை’ என்று காதோடு சொல்லும் குரலும் கலிதான் போலும்.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். அய்யாவின் சொற்படி 700 குடும்பங்கள் கடலோரத்தில் கூடி, நாள்தோறும் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, அரிசியும் சிறுபயறும் வேகவைத்து ஒரு வேளை உண்டு தவம் இருந்தார்கள். நேற்றுத் துவைத்த துணி இன்று அழுக்காகிவிட்டதே என்று யார் அதைத் தூக்கி எறிந்தார்? மறுபடி துவைத்தார்கள். அவரவர் வீட்டில் தனியாகச் செய்துகொள்ளுங்கள் என்றும் அய்யா விடவில்லை.

பனையேறிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி. தடவாவிட்டால் அதே பாளையின் சாறு புளித்துக் கள்ளாகும். ஒருமுறை தடவிய சுண்ணாம்பு பருவம் முழுக்கக் காக்காது. கலயம் கட்டும்போதெல்லாம் தடவ வேண்டும். அந்தத் தம்பியிடம் ஆயுளுக்கும் சேர்த்து ஒரே நாளில் வாக்கு வாங்கினோமே, அது எங்கள் பிழை. இன்றைக்குக் குடிக்கவில்லை, நாளையை நாளை பார்ப்போம். 1935இல் அமெரிக்காவில் குடியர்களே தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பும் ஒவ்வொரு நாளாகத்தான் எண்ணுகிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கு நேரங்களில் கூடுதல் கவனம் வேண்டும் என்பார்கள். நம் ஊரில் சனிக்கிழமைக் கூலியையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

“அப்படியானால் எத்தனை முறை விழுந்தாலும் பொறுப்பதா? அதுவே சாக்காகிவிடாதா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பொறுப்பது வேறு, மறைப்பது வேறு. அவன் குடித்த கடனை நாம் அடைப்பதும், வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று நாம் பொய் சொல்வதும், அவன் மனைவி வாங்கிய அடியை மூடி வைப்பதும் தர்மம் ஆகாது. விழுந்ததை அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வருகிறவனுக்கு உட்கார இடம் கொடுப்பது நம் கடமை. இரண்டில் எது குறைந்தாலும் அவன் எழமாட்டான்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, சித்தக் கலக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முத்திரிப் பதம் விடுவதற்கு அது தடையில்லை. குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கவே கலக்காதீர்கள். அந்த மாத்திரை வயிற்றில் இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம்.

அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ஒரு புதன்கிழமை மாலை தாங்கலுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். காதுபடப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது மாலை உகப்படிப்புக்கு மணி அடிப்பது அவர் பொறுப்பு. முன்பு அவர் கடைக்குப் போகிற நேரம் அது. சில நாள் வரத் தாமதமானால், அவர் வீட்டு நடை வரைக்கும் நான் போய்ப் பார்க்கிறேன்.